பல் மாத்திரையும் அடிபம்புத் தண்ணீரும்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. குழந்தைகள் கிளினிக்கில் டோக்கன் கொடுத்தேன். ஊசி போடும்போது பிள்ளைகளின் கையையும் காலையும் பிடித்துக்கொண்டேன். மருந்தை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அம்மாக்களுக்குச் சொல்லி அனுப்பினேன். இத்தனை வருஷமும் அதுதான் வேலை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூட்டு வலி தாளாமல் நான் வேலையை விட்ட அன்று இப்போது கிளினிக்கில் வேலை பார்க்கிற நீங்கள் எல்லோரும் சேர்ந்து மாலை போட்டு, "அக்கா, எங்களுக்கு ஏதாவது சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டீர்கள். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. வாயால் வராததை எழுதிப் பார்க்கிறேன். அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால் மன்னித்துவிடுங்கள்.

டோக்கன், ஊசி, மருந்து அலமாரி எல்லாம் போகப் போக உங்களுக்கே பழகிவிடும். அதைப் பற்றி எழுதப் போவதில்லை. ஒரே ஒரு பகலில் நடந்ததைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பெரம்பலூர் அப்போது திருச்சி ஜில்லாவில்தான் இருந்தது. அப்போதிருந்த டாக்டரம்மாவை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் எழுதவில்லை. கோடையில் வயிற்றுப்போக்கோடு வருகிற பிள்ளைகள் துணி மாதிரித் துவண்டு கிடக்கும். சில பிள்ளைகள் திரும்பிப் போகவில்லை. அதனால் டாக்டரம்மா எனக்கு ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருந்தார். மருந்து வாங்க வருகிற ஒவ்வொரு அம்மாவிடமும் அதைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். "கெணத்துத் தண்ணி, கொளத்துத் தண்ணி வேணாம். அடிபைப்புத் தண்ணியே குடிக்கக் குடுங்க." எதைப் பேசினாலும் குரல் நடுங்குகிற எனக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும் நடுங்காமல் வரும். பெருமையாகக்கூட இருக்கும்.

அன்று காலை மலர்க்கொடி என்று ஒரு பெண் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளையின் பெயர் தேன்மொழி. காய்ச்சலும் இல்லை, சளியும் இல்லை. மலர்க்கொடி முந்தானைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தாள். உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் சின்னச் சின்ன மாத்திரைகள். பாட்டிலின் மேல் சிரிக்கிற பல் படம் போட்டிருந்தது.

"என் தம்பி துபாய்ல இருந்து அனுப்பியிருக்கான்ம்மா. அங்க எல்லாப் புள்ளைங்களும் இதச் சாப்புடுதாம். பல்லு சொத்தையே ஆவாதாம். இவளுக்குக் கடவாப்பல்லு ரெண்டுல இப்பவே கறுப்பு தெரியுது. குடுக்கலாமுங்களா?"

டாக்டரம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "இது ஃப்ளோரைடு மாத்திரை. இந்த உப்பு நாம குடிக்கிற தண்ணியிலயே கொஞ்சம் இருக்கும். கம்மியா இருக்கிற ஊர்ல இதக் குடுத்தா பல்லுக்குப் பலம். தண்ணியிலயே நெறைய இருந்துச்சுன்னா, அதுக்கு மேல இதையும் குடுக்கறது கெடுதல். நீ எந்த ஊரு?"

"திருமானூர் பக்கங்க."

"கொள்ளிடத்து ஓரமா?"

"ஆமாங்க. வூட்டுக்குப் பின்னாலயே ஆறுதான்."

டாக்டரம்மா பாட்டிலை மேஜை மேல் வைத்தார். கொடுக்கலாம் என்பவர்களும் உண்டு, தேவையில்லை என்பவர்களும் உண்டு என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார். பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தார். நான்தான் தாடையைப் பிடித்திருந்தேன். கடைவாயில் அந்த இரண்டைத் தவிர, பச்சரிசியை வரிசையாக வைத்தது போன்ற பால்பற்கள்.

"ஆத்து ஊத்துத் தண்ணின்னா இது அவ்வளவா இருக்காது. அப்பக் கொஞ்சமாக் குடுத்துப் பாரு. தினம் பாதி மாத்திரை. இவளுக்கு மட்டும். பாட்டிலை ஒசரத்துல வையி, இனிப்பா இருக்கும், எடுத்துத் தின்னுடுவா."

மலர்க்கொடி தலையாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். சத்து டானிக் எடுத்துக் கொடுக்க நானும் பின்னாலேயே வந்தேன். வராந்தா பெஞ்சில் அஞ்சலை என்ற அம்மாவும் அவள் மகள் செல்வியும் உட்கார்ந்திருந்தார்கள். செல்விக்குத் தொண்டை வலி. டாக்டரம்மா அவளை முன்பே பார்த்து அனுப்பிவிட்டார். பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள்.

"ஏ மலரு! காலையில பைப்படியில பாத்தப்ப டாக்டர்கிட்ட போறேன்னு ஒரு வார்த்த சொன்னியாடி?"

"நீ மட்டும் சொன்னியாக்கா? என் கொடத்தத் தள்ளிட்டு ஒன் கொடத்த முன்னால வெக்கிறதுலதான கண்ணா இருந்த!"

செல்வி சிரித்துவிட்டாள். சட்டென்று தாவணி நுனியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். முன்பற்களில் குறுக்கே காவிக் கோடுகள், பக்கத்துப் பற்களில் சுண்ணாம்பு தெறித்தது போல் திட்டுத் திட்டாக வெள்ளை.

"பாரு, வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிற சிரிப்ப!" என்றாள் அஞ்சலை. "பல்ல வெளக்குடி வெளக்குடின்னு நானும் தெனம் கத்துறேன். ஸ்கூல்ல வாத்தியாரு வெத்தல போடுறியான்னு எழுப்பி நிக்க வெச்சுக் கேக்குறாராம். எனக்கு மானம் போவுது."

"வெளக்குறேன்ம்மா. செங்கத் தூளு போட்டுக்கூடத் தேச்சுப் பாத்துட்டேன். ரத்தந்தான் வந்துச்சு."

"ஒண்ணும் கவலப்படாத செல்வி," என்று மலர்க்கொடி பாட்டிலைக் குலுக்கிக் காட்டினாள். "பல்லுக்கு நல்லதுன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. போனதும் ஒனக்குத் தர்றேன். ஒனக்கு மட்டுமா? தெருப் புள்ளைங்க எல்லாத்துக்கும் குடுக்கப் போறேன். எம் புள்ள வாயில மட்டும் போட்டா நல்லாவா இருக்கும்?"

நம் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து தின்கிற பொருள் எது வந்தாலும் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு கை கொடுக்காமல் தன் பிள்ளைக்கு மட்டும் ஊட்ட மாட்டார்கள். கண் பட்டுவிடும் என்பார்கள். டாக்டரம்மா சொன்ன 'இவளுக்கு மட்டும்' அந்தப் பழக்கத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

எனக்கு இடித்தது வேறு. "நீங்க திருமானூர்னுதான சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அது எங்க வூட்டுக்காரரு ஊருக்கா. அவருக்குக் கரண்டு ஆபீஸ்ல இந்தப் பக்கம் மாத்திட்டாங்க. பொங்கல் கழிச்சு இவங்க தெருவுக்கே வாடகைக்கு வந்துட்டோம்."

அவள் பொய் சொல்லவில்லை. எந்த ஊர் என்று கேட்டால் கல்யாணமான பெண் புருஷன் ஊரைத்தான் சொல்வாள். குலசாமி இருக்கிற ஊர் அது. வாடகைக்கு இருக்கிற இடத்தை யாரும் ஊர் என்று சொல்வதில்லை. ஆனால் அவர்கள் தெரு குரும்பலூர் பஸ் போகும் வழியில், ஆற்றுக்குச் சம்பந்தமே இல்லாத பாறை மேட்டில் இருந்தது. நான் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்கு வருவேன்.

"கொஞ்சம் இருங்க, உள்ள ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வலிப்பு வந்த ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் ஆள் அலறியபடி ஓடிவந்தார். நான் உள்ளே ஓடினேன். குழந்தையின் கண் மேலே செருகி, வாயில் நுரை தள்ளியிருந்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. யார் ஏறினார்கள் என்று திரும்பிப் பார்க்க முடியவில்லை.

வலிப்பு நின்று, குழந்தை கண் திறந்து, அம்மாவைத் தேடி அழுத பிறகு டாக்டரம்மா கை கழுவ வந்தார். நான் துண்டோடு நின்றேன்.

"என்ன, துண்டைக் குடுக்காமப் புடிச்சுக்கிட்டே நிக்கிற?"

அப்போதுதான் சொன்னேன். பெரிய விஷயமா சின்ன விஷயமா என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த மாத்திரை அம்மா இருப்பது திருமானூரில் இல்லை, தொண்டை வலி என்று வந்த செல்வி தெருவில்தான், செல்வி பல்லெல்லாம் கறை, தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கப் போகிறாளாம் என்று கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். இதற்கா குறுக்கே வந்தாய் என்று திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கறைன்னா, கோடு கோடா, காவி நெறத்துலயா?"

"ஆமாம்மா."

"அந்தத் தெருவுல என்ன தண்ணி?"

"அடிபம்பும்மா."

"அந்தப் பொண்ணு வாயில டார்ச் அடிச்சுப் பாத்தேனே. தொண்டையத்தான் பாத்தேன். அந்தப் பல்லத் தாண்டித்தான தொண்டையப் பாத்திருக்கேன்!" அவர் முகத்தை அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை.

வெளியே பெஞ்ச் நிறையப் பிள்ளைகள். ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார். மூச்சுத் திணறல் யாருக்கும் இல்லை, அவசரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. "பாதி மாத்திரையால இன்னிக்கே ஒண்ணும் ஆயிடாது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, "கை நிறைய அள்ளித் தின்னா?" என்றார். வலிப்புக் குழந்தைக்குப் பக்கத்தில் நர்ஸை உட்கார வைத்துவிட்டு, பெஞ்சில் இருந்தவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுக் காரை எடுக்கச் சொன்னார். வழி காட்ட என்னையும் ஏற்றிக்கொண்டார்.

போய் இறங்கிய இடத்தில் கண்ட காட்சியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பைப்படியில் திருவிழா மாதிரிப் பிள்ளைகள் வரிசையாகக் கை நீட்டி நிற்கிறார்கள். மலர்க்கொடி சிரித்த முகத்தோடு மாத்திரைகளை ஒவ்வொரு கையிலும் வைத்துக்கொண்டு வருகிறாள். வாங்கிய பிள்ளை மாத்திரையை வாயில் போட்டு, பம்பின் வாயில் கையைக் குவித்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிறது. இன்னொரு பிள்ளை கைப்பிடியில் தொங்கி அடித்துக் கொடுக்கிறது. பல்லில் கறை இருந்த பிள்ளைகளாகப் பார்த்து முன்னால் நிற்க வைத்திருந்தாள். அவர்களுக்குத்தானே முதலில் வேண்டும்!

"நிறுத்து!" டாக்டரம்மா போட்ட சத்தத்தில் பம்பு அடித்த பிள்ளை கீழே குதித்துவிட்டது.

கன்னம் உப்ப நின்ற ஒரு குட்டிப் பயலின் வாய்க்கு முன்னால் தன் உள்ளங்கையை நீட்டி, "துப்புடா கண்ணு, துப்பு" என்றார். அவன் அழுதுகொண்டே துப்பினான். எச்சிலோடு சேர்ந்து கரைந்த மாத்திரைகள் அவர் கையெல்லாம் இளஞ்சிவப்பாக வழிந்தன. அவர் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. அடுத்த பிள்ளையிடம் போனார். யார் யார் எவ்வளவு விழுங்கினார்கள் என்று கேட்டார். யாரும் ஒன்றிரண்டுக்கு மேல் விழுங்கியிருக்கவில்லை. வீட்டில் பால் இருந்தால் எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

பிறகு அங்கேயே வெயிலில் ஒவ்வொரு பிள்ளையாக வாயைத் திறக்கச் சொன்னார். டார்ச் தேவைப்படவில்லை. சின்னப் பிள்ளைகளின் பால்பல் வெள்ளையாகத்தான் இருந்தது. விழுந்து முளைத்த பிள்ளைகள் எல்லோருக்கும் கறை. எல்லோருக்கும். இத்தனை வருஷமாகப் பஸ் ஜன்னலிலிருந்து இந்தப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் வாயைத் திறந்து சிரித்து நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"மொளைக்கும்போதே இப்படித்தான் மொளைக்குதா?"

"ஆமாம்மா," என்றாள் அஞ்சலை. "விழுற பல்லு முத்தா இருக்கும். மொளைக்கிற பல்லு இப்படி."

"உன் பல்லு நல்லா இருக்கே. நீ எந்த ஊர்ல பொறந்த?"

"இதே தெருவுலதாம்மா."

"சின்னப் புள்ளையில என்ன தண்ணி குடிச்ச?"

"ரோட்டுக்கு அந்தாண்ட கெணத்துத் தண்ணி. அப்ப ஏது பைப்பு? இவ கைக்கொழந்தையா இருக்கறப்ப, பஞ்சத்துல வந்து போட்டுக் குடுத்தாங்க."

டாக்டரம்மா பம்பைப் பார்த்தார். குழாய் வாயிலிருந்து மிச்சத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி மாதிரித் தண்ணீர். குடித்தால் இனிக்காது, கரிக்காது, நாற்றமும் கிடையாது.

"இவ்வளவு பேருக்கும் இது தண்ணியாலதான் வந்திருக்கு. மாத்திரையில இருக்கிற அதே உப்பு, ஆழத்துப் பாறையிலேருந்து தண்ணியில கரையுது. காய்ச்சுனாலும் போகாது. அதுக்கு மேல மாத்திரையையும் இவளுக்குக் குடுக்கச் சொல்லியிருக்கேன் நான்" என்று தேன்மொழியின் தாடையைத் தொட்டார். "இவளுக்கு வரப்போற பல்லு இப்பத்தான் ஈறுக்குள்ள உருவாகிட்டிருக்கு. மாத்திரைய நிறுத்தினா மட்டும் போதாது. இந்தத் தண்ணியையும் நிறுத்தணும்."

மலர்க்கொடி என்னைப் பார்த்தாள். கோபமில்லை, குழப்பம்தான். "இந்தக்காதானேம்மா பைப்புத் தண்ணியே குடுங்கன்னு சொன்னாங்க? நாங்க இங்க வந்த புதுசுல இவளுக்கு வயித்தால போனப்ப சொன்னாங்க. அன்னியிலேருந்து வேற தண்ணியே குடுக்கல."

பெருமையோடு சொல்லி வந்த என் ஒரே வாக்கியம்.

"அது நான் சொல்லச் சொன்னது" என்றார் டாக்டரம்மா. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "சின்னப் புள்ளைங்களுக்கு மட்டுமாவது கெணத்துத் தண்ணியக் கொதிக்க வெச்சு, ஆற வெச்சுக் குடுங்க."

அஞ்சலையின் முகம் மாறியது. அதுவரை இருந்த பணிவு போய்விட்டது.

"கெணத்துக்காம்மா போவச் சொல்றீங்க? அது யாரு கெணறுன்னு ஒங்களுக்குத் தெரியுமா? நாங்க கயித்தத் தொடக் கூடாது. கொடத்தக் கீழ வெச்சுட்டுத் தள்ளி நிக்கணும். அவங்க வூட்டுப் பொம்பளைங்க மனசு வெச்சு வந்து ஊத்துனா உண்டு. எங்கம்மா உச்சி வெயில்ல நின்னு மயங்கி விழுந்திருக்கு. இந்தப் பைப்பு வந்த அன்னிக்கு அதுக்குக் குங்குமம் வெச்சுக் கும்புட்டோம். எங்க கையால அடிச்சு எங்க கொடத்துல புடிக்கிறோம். திரும்பப் போயி அங்க நில்லுங்கிறீங்க. பல்லுக்காவ."

டாக்டரம்மா அஞ்சலையைப் பார்த்தார். "இது எனக்குத் தெரியாதும்மா" என்றார். வேறெதுவும் சொல்லிச் சமாளிக்கவில்லை.

செல்வி தாவணியை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டாள். "எனக்கு இனிமே மாறாதுங்களா?"

"மாறாதும்மா. ஆனா நீ வெளக்காததால வந்ததில்ல இது. யாரு கேட்டாலும் அப்படியே சொல்லு. ஒன் வாத்தியார்கிட்டயும் சொல்லு."

அஞ்சலை மகளைப் பார்க்கவில்லை. குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். மறுபடியும் கீழே இறக்கினாள்.

"அந்தக் கெணத்துல ராட்டினம் இருக்காக்கா?" என்று மலர்க்கொடி கேட்டாள்.

"நீ இங்க புதுசுடி. ஒனக்குத் தெரியாது. சும்மா இரு."

"எம் புள்ளைக்குப் பல்லு இனிமேதானக்கா மொளைக்கணும்?"

மலர்க்கொடி மிச்ச மாத்திரையோடு பாட்டிலை டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது காரில் டாக்டரம்மா பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். டவுனுக்குள் நுழைகிற இடத்தில், "எந்த ஊருன்னு கேட்டேன் பாரு" என்று மட்டும் சொன்னார். பிறகு அந்தத் தண்ணீரை எடுத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்லி அவர் அலைந்தது, ஆட்கள் வந்தது எல்லாம் நீளமான கதை.

தங்கைகளே, நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். எந்த ஊர் என்று கேட்டால் ஊரைத்தான் சொல்வார்கள். இந்தப் பிள்ளை இன்று காலையில் எந்தத் தண்ணீரைக் குடித்தது என்று கேளுங்கள். ஒருவருக்குச் சொன்ன மருந்து எத்தனை வாய்க்குப் போகும் என்று கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லி அனுப்புகிற நல்ல வார்த்தை எதுவாக இருந்தாலும் அதன் மேல் எப்போதும் ஒரு கண் வைத்திருங்கள். காதில் விழுந்தது சின்ன விஷயமாகத் தோன்றினாலும், துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாவது உள்ளே போய்ச் சொல்லிவிடுங்கள்.

மறுநாள் காலை வழக்கம்போல் குரும்பலூர் பஸ்ஸில் வந்தேன். அந்தத் தெரு நிறுத்தத்தில் பஸ் நின்றது. பைப்படியில் எப்போதும்போல் குடங்கள் வரிசையாக இருந்தன. ரோட்டுக்கு அந்தப் பக்கம், அஞ்சலை சொன்ன அந்த வயல் கிணற்றில் மலர்க்கொடி புதுக்கயிறு போட்டுத் தானே இறைத்துக்கொண்டிருந்தாள். செல்வி பக்கத்தில் குடத்தைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். கிணற்றுக்காரர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்க வரவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் வந்து கிளினிக்கைத் திறந்தேன்.